தாய்ப்பத்திரத்தில் ஒரு வரி

இந்தப் பகுதியில் வழக்கமாகப் பட்டா மாறுதல், பாகப்பிரிவினை, தான செட்டில்மென்ட் என்றுதான் கேள்விகள் வரும். மூன்று இதழ்களுக்கு முன்னால், அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரத்தில் என் மகள் வாங்கிய வீட்டின் பழைய பத்திரத்தில் வெள்ளையர் அல்லாதவருக்கு விற்கக் கூடாது என்று ஒரு வரி இருந்ததைப் போகிற போக்கில் எழுதிவிட்டேன். அன்றிலிருந்து பட்டாவைப் பற்றிக் கேட்டவர்களைவிட அந்த வரியைப் பற்றிக் கேட்டவர்கள்தான் அதிகம். ஆகவே இந்த இதழ் முழுக்க அதற்கே. சொத்து விவகாரம் என்பதால் எப்போதும்போல ஊர் மட்டும் போடுகிறேன், பெயர் இல்லை.

நானும் பதிவுத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். அந்த வரி பத்திரத்தில் எந்த இடத்தில், எப்படி எழுதப்பட்டிருந்தது? (மன்னார்குடி வாசகர்)

கேட்க வேண்டிய ஆள்தான் கேட்டிருக்கிறீர்கள். மினசோட்டா மாநிலத்தில் பல வீடுகளுக்கு 'ஆப்ஸ்ட்ராக்ட்' என்று ஒரு கட்டு உண்டு. நம்முடைய வில்லங்கச் சான்றையும் தாய்ப்பத்திரங்களின் சுருக்கத்தையும் சேர்த்துத் தைத்தால் எப்படியிருக்கும், அது மாதிரி. அரசாங்கத்திடமிருந்து அந்த நிலம் முதன்முதலில் தனியார் கைக்குப் போனதிலிருந்து ஒவ்வொரு கிரயம், அடமானம், வாரிசு மாற்றம் எல்லாம் வரிசையாக இருக்கும். மகள் அதைக் கம்பளிகளுக்கு அடியில் அலமாரியில் போட்டு வைத்திருந்தாள். ஜனவரி மாதம், வெளியே மைனஸ் 20. முப்பத்திநாலு வருடம் பத்திரம் எழுதியவன் கையில் இப்படி ஒரு கட்டு கிடைத்தால் சும்மா இருப்பானா?

1920-களில் ஒரு கம்பெனி வயல்காட்டை மனைகளாகப் பிரித்து விற்றிருக்கிறது. கிரயத்தில் ஷரத்துகள். தெருவிலிருந்து இத்தனை அடி உள்ளே தள்ளித்தான் கட்ட வேண்டும். இத்தனை டாலருக்குக் குறைவான செலவில் வீடு கட்டக் கூடாது. கால்நடை கட்டக் கூடாது. அப்புறம் அதே மூச்சில், ஒரு அரைப்புள்ளி போட்டு: இந்த மனையை வெள்ளை இனத்தவர் அல்லாத யாருக்கும் விற்கவோ, வாடகைக்கு விடவோ, குடியிருக்கக் கொடுக்கவோ கூடாது, வீட்டு வேலைக்காரர்கள் மட்டும் விலக்கு.

வேலைக்கு வந்து தங்கலாம், வாங்கி வந்து தங்கக் கூடாது. இரண்டு தடவை படித்தேன். கெட்ட வார்த்தை எதுவும் இல்லை, கோபம் இல்லை, அடித்தல் திருத்தல் இல்லை. மாட்டுத் தொழுவத்துக்கும் மனிதருக்கும் ஒரே நடை. எழுதியவர் நல்ல தொழில்காரர் என்பது மட்டும் எனக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. அதுதான் என்னை உறுத்தியது.

நம் கிரயப் பத்திரத்தின் முடிவில் என்ன எழுதுவோம்? 'தானாதி விநியோக விக்கிரயங்களுக்கு யோக்கியமாய், சர்வ சுதந்திர பாத்தியமாய், புத்திர பௌத்திர பாரம்பரியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது.' கொடுத்தால் முழுசாகக் கொடுப்பது. அங்கே கொடுத்த கையாலேயே ஒரு பிடியை வைத்துக்கொண்டார்கள்.

அந்த நகரத்தில் கண்டெடுத்த இப்படியான முதல் பத்திரம் 1910-ஆம் ஆண்டினது. அதில் பட்டியலே போட்டிருக்கிறார்கள்: சீனர், ஜப்பானியர், மூர், துருக்கியர், நீக்ரோ, மங்கோலியர், ஆப்பிரிக்க இரத்தமோ வம்சாவளியோ உள்ளவர். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 2016-இல் தொடங்கிய 'மேப்பிங் பிரெஜுடிஸ்' என்ற திட்டம் பழைய பத்திரங்களைக் கம்ப்யூட்டரில் சலித்து, சந்தேகப்பட்ட ஒவ்வொன்றையும் தன்னார்வலர்கள் பலரைக் கொண்டு படிக்கவைத்து, மினியாபொலிஸில் மட்டும் 8,000-க்கு மேல் கண்டுபிடித்திருக்கிறது. மாப்பிள்ளை லாப்டாப்பைத் திறந்து கொடுத்தார். நானும் முப்பது நாற்பது பத்திரம் படித்தேன். பத்தாவதுக்குப் பிறகு, அந்த வரி எந்தப் பத்தியில் வரும் என்று கண் தானாகவே போய் நின்றது.

சொத்து அவருடையது. யாருக்கு விற்கலாம், விற்கக் கூடாது என்பது அவர் இஷ்டம்தானே? இதில் சட்டத்தைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? (கோவை வாசகர், ரியல் எஸ்டேட் தொழில்)

விற்பவரின் இஷ்டம் என்றால் இந்தப் பேச்சே இல்லை. இந்த ஷரத்து பறித்ததே அந்த இஷ்டத்தைத்தான்.

செயின்ட் லூயிஸ் நகரத்தில் லபாடி அவென்யூ என்று ஒரு தெரு. 1911-இல் அங்கே சொத்து வைத்திருந்த 39 பேரில் 30 பேர் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டார்கள்: 50 வருடத்துக்கு நீக்ரோ, மங்கோலிய இனத்தார் யாரும் இங்கே குடியிருக்கக் கூடாது. 1945-இல் ஷெல்லி என்ற கறுப்பினக் குடும்பம் அந்தத் தெருவில் 4600-ஆம் எண் வீட்டைக் கிரயம் வாங்கியது. விற்றவருக்குச் சம்மதம், வாங்கியவர் கையில் பணம், பத்திரமும் முடிந்தது. வழக்குப் போட்டது யார்? அதே தெருவில் வேறொரு வீட்டுக்காரர், க்ரேமர். பக்கத்துச் சொத்துக்காரர் நீதிமன்றத்துக்குப் போய் உங்கள் கிரயத்தை ரத்து செய்யச் சொல்லலாம் என்பதுதான் இதன் பல். மிசௌரி மாநில உச்ச நீதிமன்றம் க்ரேமர் பக்கம் நின்றது. 1948 மே 3 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது: தனியார் என்னவாவது எழுதிக்கொள்ளட்டும், ஆனால் நீதிமன்றம் அதை அமல்படுத்தித் தராது.

ஒன்பது நீதிபதிகளில் மூன்று பேர் அந்த வழக்கில் உட்காரவில்லை. காரணம் சொல்லவில்லை. அவர்கள் வீட்டுப் பத்திரத்திலும் இதே வரி இருந்திருக்கும் என்று ஊர் பேசிக்கொண்டது.

ஆரம்பத்தில் இதை நகராட்சிகளே சட்டமாகப் போட்டுப் பார்த்தன. பால்டிமோர் 1910-இல் தொடங்கியது, மற்ற ஊர்கள் பின்னால் போயின. லூயிவில் நகரத்துச் சட்டத்தை 1917-இல் உச்ச நீதிமன்றம் அடித்துவிட்டது. சரி, சட்டமாகப் போட்டால்தானே தப்பு, பத்திரத்தில் போட்டுக்கொள்வோம் என்று, அதுவரை அங்கங்கே இருந்த இந்த வழிக்கு, எங்கள் தொழில் பக்கம், கூட்டமாக வந்துவிட்டார்கள்.

அரசாங்கம் சும்மா வேடிக்கை பார்த்ததா? (திருச்சி கல்லூரி மாணவர்)

வேடிக்கை பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை, தம்பி.

1930-களின் பொருளாதார மந்த காலத்தில் வீடுகள் ஏலத்துக்குப் போயின. வீட்டுக்கடன் வாங்கியவர்களைக் காப்பாற்ற 1933-இல் அரசாங்கம் ஒரு வீட்டுக்கடன் நிறுவனத்தை ஆரம்பித்தது. அது 200-க்கும் மேற்பட்ட நகரங்களுக்கு வரைபடம் போட்டது. பச்சை என்றால் முதல் தரம், நீலம் இரண்டாவது, மஞ்சள் மூன்றாவது, சிவப்பு ஆபத்து. கறுப்பினத்தவர் குடியிருந்த இடம் அநேகமாக எப்போதுமே சிவப்பு. கூடவே இருந்த குறிப்புகளில் அவர்கள் குடிவருவதை 'ஊடுருவல்' என்று எழுதினார்கள், ஏதோ எதிரிப் படை வருகிற மாதிரி.

அடுத்த வருடம், 1934-இல், எப்.எச்.ஏ. என்ற மத்திய அரசின் வீட்டுவசதி அமைப்பு வந்தது. அது கடன் கொடுக்காது, ஜாமீன் நிற்கும். வாங்கினவர் கட்டத் தவறினால் வங்கிக்கு அரசாங்கம் பணம் தரும். இந்த ஒரு ஜாமீன் வீட்டுக்கடனையே தலைகீழாக்கிவிட்டது. அதற்கு முன்னால் பாதிப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் வீடு கேட்கப் போக முடியும், மீதியை ஐந்து பத்து வருடத்தில் அடைக்க வேண்டும். இப்போது ஐந்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ கட்டினால் போதும், 20 வருடம், அப்புறம் 30 வருடம்கூடத் தவணை. சாதாரணத் தொழிலாளி சொந்த வீட்டுக்காரன் ஆனது இப்படித்தான். ஆனால் வெள்ளைக்காரத் தொழிலாளி. இன ஷரத்து பத்திரத்தில் இருப்பது நல்லது என்று எப்.எச்.ஏ.வின் கையேடே சொன்னது. பத்திரம் எழுதுகிறவனுக்கு அரசாங்கமே மாதிரி காட்டிக்கொடுத்தது.

டெட்ராய்ட்டில் எட்டு மைல் சாலைப் பக்கம் கறுப்பினக் குடும்பங்கள் ஏற்கெனவே வீடு கட்டிக் குடியிருந்தன. பக்கத்திலேயே வெள்ளையர்களுக்கு வீடு கட்ட ஒரு மனை வியாபாரி போனார். இவ்வளவு கிட்டத்தில் கறுப்பினத்தவர் இருந்தால் ஜாமீன் இல்லை என்றது எப்.எச்.ஏ. அவர் என்ன செய்தார் தெரியுமா? 1941-இல் நடுவில் சுவர் எழுப்பினார். ஆறடி உயரம், அரை மைல் நீளம், கான்கிரீட். ஜாமீன் வந்துவிட்டது. அந்தச் சுவர் இன்னும் நிற்கிறது. விளையாட்டுத் திடல் ஓரமாக இருக்கிற பகுதியில் படம் வரைந்து வண்ணம் அடித்திருக்கிறார்கள்.

வங்கிக் கடன் கிடைக்காதவர்கள் வீடே வாங்கவில்லையா? (சேலம் வாசகி)

வாங்கினார்கள் அம்மா, வாங்கி அழிந்தார்கள். சிகாகோவில் 1950, 60-களில் 'கான்ட்ராக்ட்' முறை. நம் ஊர் வார்த்தையில் சொன்னால், கிரயம் கிடையாது, கிரய உடன்படிக்கை மட்டும். முன்பணம் கொடுத்து வீட்டில் குடியேறலாம். மாதாமாதம் தவணை. ரிப்பேர், வரி எல்லாம் உங்கள் தலையில். பத்திரம் மட்டும் கடைசித் தவணை கட்டும்வரை விற்றவர் பெயரில். ஒரு மாதம் தவறினால் கட்டிய அத்தனையும் போச்சு, சாமானோடு தெருவில் நிற்க வேண்டியதுதான். அப்புறம் அதே வீடு அடுத்த குடும்பத்துக்கு.

விற்றவர் அதை எங்கே வாங்கினார்? பயந்துபோன வெள்ளைக்காரரிடம். பயப்படுத்தவும் ஆள் வைத்தார்கள். காசு கொடுத்து ஒரு கறுப்பினப் பெண்ணைக் குழந்தை வண்டியோடு தெருவில் நடக்கவிடுவது, பிறகு வீடு வீடாகப் போய், 'விலை விழப் போகிறது, இப்போதே விற்றுவிடுங்கள்' என்பது. அடிமாட்டு விலைக்கு வாங்கி இரண்டு மடங்குக்குக் கான்ட்ராக்டில் விடுவது. 1968-இல் லான்டேல் பகுதிக் குடும்பங்கள் சங்கம் சேர்ந்து, தவணை கட்ட மாட்டோம் என்று உட்கார்ந்தார்கள். நூற்றுக்கணக்கான ஒப்பந்தங்களைத் திருத்தி எழுத வைத்தார்கள். அக்ரிமென்ட் மட்டும் போட்டுக்கொண்டு மனைக்குப் பணம் கட்டுகிற நம் வாசகர்கள் இந்தப் பதிலை இன்னொரு தடவை படிக்கவும்.

யாரும் எதிர்த்துக் குடிபோகவில்லையா? (தென்காசி வாசகர்)

மகள் வீட்டிலிருந்து காரில் கொஞ்ச நேரம்தான், கொலம்பஸ் அவென்யூ 4600. செயின்ட் லூயிஸிலும் 4600, இங்கேயும் 4600, என்ன பொருத்தமோ. சின்ன வீடு. நம் ஊர்க் கல்யாணத்துக்கு வருகிற கூட்டம் அந்தப் புல்வெளியில் நிற்காது. 1931 கோடையில் அந்தப் புல்வெளியைச் சுற்றி ஆயிரக்கணக்கானவர்கள் நின்றார்கள், 4,000 பேர்வரை என்று கணக்கு.

வீடு வாங்கியவர் ஆர்தர் லீ. தபால் துறை ஊழியர், முதல் உலகப் போரில் பிரான்சில் இருந்தவர். மனைவி ஈடித், சின்ன மகள் ஒருத்தி. இரவில் கூட்டம் கூடிக் கல்லெறிந்தது, சுவரில் பெயின்ட் அடித்தது. 'பிரான்சில் சேற்றிலும் தண்ணீரிலும் இந்த நாட்டுக்காகச் சண்டை போட்டபோது என்னை யாரும் வெளியே போகச் சொல்லவில்லை' என்றார் லீ. அவருக்காக நின்றவர் லீனா ஆலிவ் ஸ்மித், மினசோட்டாவில் வழக்கறிஞரான முதல் கறுப்பினப் பெண். கூட வேலை பார்த்த தபால்காரர்களும் போர் வீரர்களும் வீட்டைக் காவல் காத்தார்கள். லீ குடும்பம் அசையவில்லை. இரண்டு வருடம் கழித்து, 1933-இல்தான் வேறு இடம் போனார்கள். எப்போது போவது என்று அவர்களே முடிவு செய்தார்கள்.

நான் எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று பார்த்தேன். ஒரு பெண்மணி நாயோடு போனார், 'குட் மார்னிங்' சொன்னார். அவ்வளவு அமைதியான தெரு. 4,000 பேர் எங்கேதான் நின்றிருப்பார்கள் என்று மனசுக்குள் அளந்துகொண்டே வந்தேன்.

இன்னொன்று. பக்கத்து ஊரான செயின்ட் பாலுக்குப் போகிற ஐ-94 நெடுஞ்சாலை, ராண்டோ என்ற கறுப்பினக் குடியிருப்பின் நடுவில் போட்டது. 1950, 60-களில் நூற்றுக்கணக்கான குடும்பங்களைக் கிளப்பிவிட்டுத்தான் ரோடு வந்தது. 2015-இல் நகர மேயரும் மாநிலப் போக்குவரத்துத் தலைவரும் அதற்கு மன்னிப்புக் கேட்டார்கள். மளிகை வாங்கப் போகும்போதெல்லாம் நாங்கள் அதன் மேல்தான் போகிறோம்.

இதில் நம்மவர்கள் யாரும் மாட்டவில்லையா? (சென்னை வாசகி)

அதிகம் பேர் அப்போது அங்கே இல்லை. நம்மவர்கள் கூட்டமாகப் போனது 1965 குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு. வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் இனம் பார்ப்பதைத் தடை செய்யும் சட்டம் 1968 ஏப்ரல் 11 அன்று கையெழுத்தானது, மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரே வாரத்தில். நம் பிள்ளைகள் போய் இறங்கும்போது கதவு திறந்திருந்தது. தட்டியவர்கள் வேறு ஆட்கள்.

முன்னாலேயே போனவர்களில் ஒருவர் பெஷாவரைச் சேர்ந்த வைஷ்ணோ தாஸ் பகாய். 1915-இல் மனைவி கலாவோடும் மூன்று மகன்களோடும் சான் பிரான்சிஸ்கோ போனார். பிறகு பெர்க்லியில் வீடு வாங்கி, சாமான்களோடு போய் இறங்கினால், அக்கம்பக்கத்தார் வீட்டைப் பூட்டி வைத்திருந்தார்கள். இப்படிப்பட்ட இடத்தில் நான் பிள்ளைகளை வளர்க்க மாட்டேன் என்று கலா சொல்லிவிட, வந்த வழியே திரும்பிவிட்டார்கள். 1923-இல் இந்தியர்கள் குடியுரிமைக்குத் தகுந்த 'வெள்ளையர்' அல்ல என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பகாய் பெற்றிருந்த குடியுரிமை போனது, சொத்தும் போனது. 1928-இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். அதே பெர்க்லியில் இப்போது ஒரு தெருவுக்குக் கலா பகாய் பெயர்.

என் பாட்டி வழி உறவினர்கள் டர்பனில் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறார்கள். அதுவும் இந்தக் கதைதானா? (நாகப்பட்டினம் வாசகர்)

இதைவிடக் கடுமை. தென்னாப்பிரிக்காவில் ஷரத்தோடு நிற்கவில்லை, நேரடிச் சட்டமே போட்டார்கள். 1946-இல் இந்தியர்கள் எங்கே நிலம் வாங்கலாம் என்று வரம்பு கட்டினார்கள். மாண்டி நாயக்கர் போன்றவர்கள் முன்னின்று நடத்திய போராட்டத்தில், டர்பனில் கேல் தெரு முனையில் ஒரு காலி மனையில் கூடாரம் போட்டு உட்கார்ந்தார்கள். 2,000 பேருக்கு மேல் சிறைக்குப் போனார்கள். 1950-இல், இன்ன இனத்தார் இன்ன பகுதியில்தான் இருக்கலாம் என்று குழுப் பகுதிகள் சட்டம் வந்தது. கேட்டோ மேனரில் தலைமுறையாகத் தோட்டம் போட்டுச் சொந்த மண்ணில் இருந்தவர்களைக் கிளப்பி, 1960-களில் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள். வீடுகள் போய்விட்டன, சில கோயில்கள் மட்டும் அங்கேயே நின்றன. உங்கள் உறவினர்களிடம் கேட்டுப் பாருங்கள், ஏதாவது ஒரு கோயிலின் பெயரைச் சொல்வார்கள்.

நம் நாட்டில் இப்படி ஒரு ஷரத்து எழுதினால் செல்லுமா? (ஈரோடு வாசகர்)

வாங்கினவர் யாருக்குமே விற்கக் கூடாது என்று எழுதினால் செல்லாது. 1882-ஆம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டம், 10-ஆவது பிரிவு. ஆனால் அகமதாபாத்தில் பார்சிகளுக்கு மட்டும் என்ற வீட்டுவசதிச் சங்கத்தின் துணைவிதி செல்லும் என்று 2005-இல் நம் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சங்கத்துக்குத் தன் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு என்ற அடிப்படையில்.

நீங்கள் கேட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். எண்பதுகளில் ஒரு பெரியவர் தன் தோட்டத்தை ஏழு மனையாகப் போட்டார். 'வேற ஆளுங்களுக்கு விக்கக் கூடாதுன்னு ஒரு வரி சேர்த்துடுப்பா' என்றார். செல்லாது ஐயா என்றேன். 'சரி விடு, வாயால சொல்லிக்கிடுவோம்' என்றார். ஏழு பத்திரமும் நான்தான் எழுதினேன், அந்த வரி இல்லாமல். சென்ற வருடம் அந்தத் தெரு வழியாகப் போனேன். அந்த வரி இருந்திருந்தால் எப்படி இருக்குமோ அப்படியேதான் இருக்கிறது.

உங்கள் மகள் அந்த வரியை எடுத்துவிட்டாரா? எடுக்க முடியுமா? (மதுரை, திருவாரூர், புதுச்சேரி என்று பலர்)

பதிவான பத்திரத்திலிருந்து எதையும் 'எடுக்க' முடியாது என்பதை இந்தப் பகுதியில் நூறு தடவை எழுதியாயிற்று. அங்கேயும் அப்படித்தான். மினசோட்டா 1953-இல் புதிதாக எழுதுவதைத் தடுத்தது. 1948-க்குப் பிறகு அமலும் இல்லை, 1968-க்குப் பிறகு சட்டமும் தடுக்கிறது. ஆனாலும் காகிதம் காகிதம்தான். 2019-இல் மாநிலம் ஒரு வழி செய்தது: இந்த ஷரத்தை நான் விடுவிக்கிறேன் என்று இப்போதைய உரிமையாளர் ஒரு பத்திரம் எழுதிப் பதியலாம். பழையது அப்படியே இருக்கும், அதன் மேல் இது ஏறும்.

மாப்பிள்ளைக்கு அதில் நம்பிக்கை இல்லை. 'இதனால் யாருக்கு என்ன மாமா கிடைக்கப் போகிறது' என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. அந்த நாட்டில் இன்றைக்கும் வெள்ளைக் குடும்பங்களில் நூற்றுக்கு 70-க்கு மேல் சொந்த வீடு, கறுப்பினக் குடும்பங்களில் ஏறக்குறைய 45. மூன்று தலைமுறை வீட்டு விலை ஏற்றம் யார் கணக்கில் சேர்ந்தது என்பதை ஒரு விடுதலைப் பத்திரம் மாற்றாது. மகள், 'இருந்தாலும் என் பெயர் இருக்கிற பத்திரக் கட்டில் அது சும்மா கிடக்க வேண்டாம்' என்றாள்.

ஒரே ஒரு பக்கப் படிவம். நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். முந்தின நாள் ராத்திரி என்னிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னாள். மனை எண்ணையும் பிளாக் எண்ணையும் இடம் மாற்றி எழுதியிருந்தாள். திருத்தி, வேறு படிவத்தில் சுத்தமாக எழுதிக் கொடுத்தேன்.